சி.ஓ.பி.டி. நோயாளிக்குக் கை நடுக்கம்: புரோப்ரனலால் போடலாமா?

மஞ்சக்குப்பத்தான்:
அப்பாவுக்கு 66. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்). சால்பூட்டமால் இன்ஹேலர், டெரிஃபில்லின், தலைசுற்றலுக்கு சின்னரிசின் 25 மி.கி. ஒரு வருஷமா ஓடுது. சிகரெட்டை இப்பதான் விட்டார். டம்ளர் பிடிச்சா கை ஆடுது. பக்கத்து வீட்டு அம்மா, தான் போடுற புரோப்ரனலாலைக் குடுக்கச் சொல்றாங்க. தூக்கம் வரலைன்னு அல்பிரசோலாமும் கேக்கிறார்.

மருந்தாளுநர்_முத்தியால்பேட்டை:
புரோப்ரனலாலைத் தொடவே வேண்டாம். அது மூச்சுக்குழாயிலுள்ள பீட்டா-2 ஏற்பியை (குழாயை விரிய வைக்க மருந்து ஒட்டும் இடம்) அடைத்துவிடும், குழாய் சுருங்கும். அந்த நேரத்தில் சால்பூட்டமால் இழுத்தாலும் சரியாகக் கேட்காது, இரண்டுக்கும் சாவித்துவாரம் ஒன்றுதான்.

சால்பூட்டமாலே கையை ஆட்டும். இழுத்த சில நிமிடங்களில் கூடி, 4-6 மணி நேரத்தில் அடங்கினால் அதுதான் காரணம். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம்; நெபுலைசரில் ஊற்றும் ஒரு ரெஸ்பியூல் (சின்ன மருந்துக் குப்பி) 2.5 மி.கி., அதாவது 25 பஃப். வீட்டில் நெபுலைசர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

எனக்குப் பெரிய சந்தேகம் டெரிஃபில்லின் மேல். அதில் தியோஃபிலின் இருக்கிறது. புகை, தியோஃபிலினைக் கல்லீரல் வேகமாகக் கழிக்க வைக்கும். சிகரெட்டை விட்டதும் அதே மாத்திரையில் ரத்த அளவு ஏறும். நடுக்கம், குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும், மிஞ்சினால் வலிப்பு. இந்த நேரத்தில் யாராவது சிப்ரோஃபிளாக்சசின் (ஆன்டிபயாடிக்) எழுதினால் இன்னும் ஏறும். டோஸைக் குறைப்பது டாக்டர் வேலை, ஆனால் சிகரெட் விட்டதை அவரிடம் நீங்கள்தான் சொல்லணும்.

நரம்பியல்_பிரிவு:
சின்னரிசினை விட்டுவிட்டீர்களே. வெர்டிகோவுக்கு எழுதி, நிறுத்த மறக்கிற மருந்து அது. மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமைனின் ஏற்பியையும் அடைப்பதால் முதியவர்களுக்குப் பார்க்கின்சன் மாதிரியே வரும்.

கையை மடியில் போட்டு, 100-லிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே ஆடினால், நடையில் கை வீச்சு குறைந்திருந்தால், சின்னரிசின் பக்கம் யோசிக்கணும். கையை நீட்டும்போது மட்டும் என்றால் மேலே சொன்னவைதான். சின்னரிசினை நிறுத்திய பிறகும் சரியாக மாதக்கணக்காகலாம். ஆறு மாதம் தாண்டியும் நின்றால் உள்ளே பார்க்கின்சன் இருந்திருக்கலாம். அதற்குள் பாசிட்டேன் (பார்க்கின்சன் நடுக்கத்துக்கான மாத்திரை) ஆரம்பிப்பது அவசரம்: இந்த வயதில் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரும்.

முதலில் கடலூரிலேயே நெஞ்சக மருத்துவரைப் பாருங்கள். நடுக்கம் தீரவில்லை என்றால் கோரிமேடு ஜிப்மர் நரம்பியல். எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்க, பெயரை மட்டும் சொல்லாதீங்க.

மஞ்சக்குப்பத்தான்:
நன்றி. அல்பிரசோலாம்? விரல் ஆக்சிமீட்டர்ல 91 காட்டுது, மோசமில்லையே?

மருந்தாளுநர்_முத்தியால்பேட்டை:
91-ஐ வைத்து முடிவு பண்ண முடியாது. அந்தக் கருவி கரியமில வாயுவைக் காட்டாது. அல்பிரசோலாம் மூச்சு உந்துதலைக் குறைத்தால் அதுதான் தேங்கும். காலையில் தலைவலி, பகல் முழுக்க மயக்கம், கையை நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கினால் பறவை இறகு மாதிரி தட்டுவது: இதைக் கண்டால் 108-க்குப் போன் போடுங்க. வீட்டில் ஆக்சிஜன் இருந்தால் அளவை இஷ்டத்துக்குக் கூட்ட வேண்டாம், இவர்களுக்கு 88-92 போதும்.