குட்டிகள் எதிரியை எப்படி அறிந்துகொள்கின்றன? நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

மசினகுடியிலிருந்து:

சீகூர்ப் பக்கம் சாம்பல் மந்திகள் மரத்தில் தழை தின்றுகொண்டிருந்தால் அடியில் புள்ளிமான்கள் நிற்கும். மந்தி கடித்துப் போடும் தழையும் காயும் மானுக்குத் தீனி. உச்சியில் இருக்கும் மந்தியின் கண் அதற்குக் காவல். போன கோடையில் ஒரு மந்தி செருமுவது போலக் கத்தியதும் பெட்டைமான்கள் தலை தூக்கி, வாலை நிமிர்த்தி, முன்னங்காலால் தரையைத் தட்டின. கூட இருந்த குட்டி புதர்ப் பக்கமே பார்க்கவில்லை, தாயைத்தான் பார்த்தது. தாய் பார்க்கும் திசை எது என்று தெரிந்த பிறகுதான் அதுவும் அங்கே திரும்பியது.

என்னோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், குறும்பர் சமூகத்துக்காரர், மெதுவாகச் சொன்னார்: "சிறுத்தையத் தேடாதீங்க சார். மான் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க." கொஞ்ச நேரத்தில் உண்ணிச்செடிப் புதரிலிருந்து சிறுத்தை எழுந்து போனது. மான்கள் ஓடவேயில்லை, அது மறையும்வரை நின்ற இடத்திலிருந்தே கத்தின. பதுங்கிப் பாயும் விலங்கை மான் பார்த்துவிட்டால் அதன் வேட்டை பெரும்பாலும் அதோடு முடிந்தது. செந்நாய் கூட்டமாகத் துரத்திப் பிடிப்பது, அதன் முன்னால் நின்று கத்திப் பயனில்லை. எதற்கு நிற்பது, எதற்கு ஓடுவது என்பதைக் குட்டி தாயின் பக்கத்தில் நின்றே பழகுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரத்தநாட்டிலிருந்து:

இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், கோழி வளர்த்தால் போதும். தாய்க்கோழி வானத்தில் வல்லூறைக் கண்டால் நீளமாக ஒரே இழுப்பாகக் குரல் கொடுக்கும். கீரியோ பூனையோ வந்தால் விட்டு விட்டு உரக்கக் கொக்கரிக்கும். முதல் குரலுக்குக் குஞ்சுகள் அப்படியே ஒடுங்கிவிடும், இல்லையென்றால் தாயின் இறக்கைக்குள் ஓடும்.

எனக்கு ஆச்சரியம் தந்தவை இன்குபேட்டரில் பொரித்த, தாயில்லாத குஞ்சுகள். வெளியே விட்ட புதிதில் மேலே எது போனாலும் ஒடுங்கின. காகம், கொக்கு, காற்றில் பறந்த பிளாஸ்டிக் பை, எல்லாவற்றுக்கும் ஒரே பயம். போகப் போகக் காகத்துக்கும் கொக்குக்கும் தலைகூடத் தூக்குவதில்லை. எப்போதாவது வரும் பருந்துக்கு மட்டும் பதுங்கின.

இதே கேள்வியை 1930களிலேயே விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் லோரன்ஸும் டின்பெர்கனும் சோதித்திருக்கிறார்கள். அட்டையில் வெட்டிய பறவை உருவம், ஒரு பக்கமாக இழுத்தால் குட்டைக் கழுத்துப் பருந்து, மறுபக்கமாக இழுத்தால் நீண்ட கழுத்து வாத்து. பருந்துக்கான பயம் பிறவியிலேயே இருக்கிறது என்ற பேச்சு அதிலிருந்துதான் பரவியது. 1961இல் ஷ்லைட் என்ற ஆய்வாளர் வான்கோழிக் குஞ்சுகளிடம் காட்டியது வேறு: அடிக்கடி தலைக்கு மேல் போகும் உருவம் எதுவானாலும் அதற்குப் பயம் விட்டுப்போகிறது, அரிதாக வருவதற்குத்தான் பயப்படுகின்றன. என் முற்றத்தில் நடந்ததும் இதுதான்.

மதுரையிலிருந்து:

காகத்துக்கு மனிதனே எதிரி ஆகிவிடுகிறான். கீழே விழுந்த காக்கைக் குஞ்சை எங்கள் தெரு அண்ணன் ஒருவர் எடுத்து மரத்தில் வைத்தார். உதவிதான் செய்தார், ஆனால் அதன்பிறகு அவர் வெளியே வந்தாலே பெரிய காகம் தலையில் கொத்த வரும். வேறு யாரையும் தொடாது. அமெரிக்காவின் சியாட்டிலில் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006இல் ஒரு முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். அப்புறம் யார் அந்த முகமூடியோடு நடந்தாலும் காகங்கள் சூழ்ந்து கத்தின. வருடங்கள் போகப் போகக் கத்துகிற காகங்களின் எண்ணிக்கை கூடியது, பிடிபடாதவையும் அதில் உண்டு.

மசினகுடியிலிருந்து:

ஒரத்தநாட்டுக் குஞ்சுகளைப் படித்ததும் கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் என்று அவற்றுக்குத் தனித்தனியாக உண்டு. அந்த ஆய்வைச் செய்ஃபார்த், செனி, மார்லர் மூவரும் 1980இல் எழுதினார்கள். குட்டிகள் கழுகுக்கான குரலை ஆபத்தில்லாத பறவைகளுக்கும், சில நேரம் விழும் இலைக்கும்கூடக் கொடுத்துவிடும். ஆனால் தரையில் நடக்கும் விலங்குக்குக் கழுகுக் குரல் கொடுப்பதில்லை. 'மேலிருந்து வருவது' என்ற அளவுக்குப் பிறவியிலேயே இருக்கிறது, அதில் எது உண்மையான கழுகு என்பதை வளர வளரத்தான் பிரித்தறிகின்றன. குட்டி கத்தினால் பெரியவை நிமிர்ந்து பார்க்கும். உண்மையிலேயே கழுகாக இருந்தால் அவையும் சேர்ந்து கத்தும்.

செந்நாய்க் கூட்டம் வந்தபோது மான்கள் என்ன செய்தன என்பதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். குட்டியோடு இருந்த தாய்மான் முதலில் என்ன செய்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.