உயர் மின்தடை வேஃபர் போட்டும் இண்டக்டரின் க்யூ ஏறவில்லை, ஏன்?

கேள்வி:
இண்டக்டர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் தனி சிலிக்கான் தகட்டில் (வேஃபர்) வைத்து, அதன்மேல் ஆம்ப்ளிஃபயர் சில்லைக் கவிழ்த்து ஒட்டுவதாகத் திட்டம். சாதாரண 10 ஓம்-செ.மீ. சிலிக்கான் சிக்னலைத் தின்றுவிடும் என்று 3 கிலோ ஓம்-செ.மீ. வேஃபர் வாங்கி, ஆக்சைடு வளர்த்து, 3 மைக்ரான் செம்பில் 2 நானோஹென்ரி சுருள் போட்டேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் சிமுலேஷன் சொன்ன க்யூ (சுருளில் இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு) 25, அளந்தால் 11. எங்கே கோட்டை விட்டேன்?

பதில் 1:
அளவுமுனை தொடும் ப்ரோப் பேடின் பாதிப்பை அளவீட்டிலிருந்து கழித்தீர்களா? சுருள் இல்லாத வெற்றுப் பேடை (ஓப்பன்) மட்டும் அளந்து கழித்தால் போதாது, குறுக்கிணைத்த பேடையும் (ஷார்ட்) அளக்க வேண்டும். க்யூ 25 என்றால் சுருளின் மொத்தத் தடையே 1.2 ஓம்தான், அதில் ப்ரோப் முனை அரை ஓம் சேர்த்தாலே 18-க்கு வந்துவிடும்.

கேட்டவர்:
இரண்டும் கழித்த பிறகுதான் அண்ணா 11.

பதில் 2:
அப்படியானால் குற்றவாளி ஆக்சைடுதான் தம்பி. அதில் எப்போதும் கொஞ்சம் நேர்மின்னூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும், அது சிலிக்கானின் மேற்பரப்புக்கு எலக்ட்ரான்களை இழுத்து வந்து மெல்லிய கடத்தும் படலம் ஒன்றை விரித்துவிடும், அடியில் எத்தனை கிலோ ஓம் இருந்தாலும் அலை பார்ப்பது அந்தப் படலத்தைத்தான். அதே வேஃபரில் கோப்ளேனார் லைன் (சிக்னலும் கிரவுண்டும் ஒரே தளத்தில் ஓடும் தடம்) இருந்தால் டிசி பயாஸ் (நிலையான மின்னழுத்தம்) கொடுத்து இழப்பை அளந்து பாருங்கள், மாறினால் சந்தேகமே வேண்டாம். ஆக்சைடுக்கும் சிலிக்கானுக்கும் நடுவே பாலிசிலிக்கான் (சிறு படிகங்களாலான சிலிக்கான்) போட்டால் எலக்ட்ரான்கள் அதிலேயே மாட்டிக்கொள்ளும். 'ட்ராப் ரிச்' வேஃபர் என்று விற்பது இதைத்தான், விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

பதில் 3:
க்யூ சரியானாலும் இன்னொன்று காத்திருக்கிறது. கவிழ்க்கும் சில்லின் கிரவுண்ட் பிளேன் சுருளுக்கு நேர் எதிரே வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் ஓடி இண்டக்டன்ஸ் குறையும், ட்யூனிங் மேலே நகரும். பம்ப் (சில்லையும் தகட்டையும் இணைக்கும் உலோகக் குமிழ்) உயரத்தையும் சேர்த்து சிமுலேட் செய்யுங்கள், தனிச் சுருளை மட்டும் பார்த்து ஏமாந்தவன் சொல்கிறேன். இடம் மிச்சமாகும் என்று சுருளையே டிஎஸ்வி (சிலிக்கானைத் துளைத்துச் செல்லும் செங்குத்து இணைப்பு) வழியாகச் செங்குத்தாகச் சுற்றலாம், ஆனால் அந்தத் துளைகள் சிலிக்கானுக்குள்ளேயே போகின்றன, சாதாரண வேஃபரில் அந்த ஆசை வேண்டாம்.

கேட்டவர்:
பயாஸ் கொடுத்துப் பார்த்தேன். மைனஸ் 15 வோல்ட் வரை இழப்பு இறங்குகிறது, இன்னும் கீழே போனால் மறுபடி ஏறுகிறது. படலமேதான். பாலிசிலிக்கான் போட ஃபர்னஸ் வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறேன், எனக்கு முன்னால் நான்கு பேர்.