மறு: இரண்டு சர்க்கரை, இரண்டு ஏற்றம் – சொல் தேவை

அன்புடையீர்,
இளநிலை நுண்ணுயிரியல் செய்முறை ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். குளுக்கோஸும் லாக்டோஸும் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவை வளர்த்தால் வளர்ச்சியின் வரைகோடு ஏறும், கொஞ்ச நேரம் படுக்கும், மறுபடி ஏறும். குளுக்கோஸ் தீர்ந்த பிறகே லாக்டோஸை உடைக்கும் நொதியைச் செல் போதிய அளவு உண்டாக்குகிறது. பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ 1941இல் இதை ‘டையாக்சி’ (diauxie) என்றார். நலநுண்ணுயிர்கள் (புரோபயாடிக்) எந்தச் சர்க்கரையில் எப்படி வளர்கின்றன என்ற பாடத்துக்கும் இதுவே அடிப்படை. இதற்குத் தமிழில் ‘குளுக்கோஸ்முந்து வளர்ச்சி’ சரிவருமா?

—

அம்மா, கிரேக்க மூலத்துக்கு ‘இரட்டை வளர்ச்சி’ என்றே பொருள். ‘ஈராக்கம்’ என்க. உயிர்முன் ‘இரு’, ‘ஈர்’ ஆகும்: ஈராண்டு, ஈருருளி. யாரும் ‘ஈர்வளர்ச்சி’ என்று எழுதிவிட வேண்டாம், அது ஈர்ப்போடு ஒட்டிக்கொள்ளும். ‘ஆக்கம் அதர்வினாய்ச் செல்லும்’ என்ற குறளில் ஆக்கம் பெருகும் செல்வம். சோறாக்குவதும் அதே வேர்தான். உண்பதும் பெருகுவதும் ஒரே சொல்லில் அடங்குகிறதே!

—

ஐயா, இன்றைய மாணவருக்கு ஆக்கம் என்றால் படைப்பு. வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் ஈராக் நாடுதான் காதில் விழும்.

அம்மா, ‘குளுக்கோஸ்முந்து’ வேண்டவே வேண்டாம். பைஃபிடோபாக்டீரியம் லாங்கம் என்ற நலநுண்ணுயிரில் நன்கு ஆராயப்பட்ட ஒரு வகை லாக்டோஸைத்தான் விரும்புகிறது. லாக்டோஸ் இருக்கும்போது, குளுக்கோஸை உள்ளே கடத்தும் புரதத்தின் மரபணுவை அது அடக்கிவைக்கிறது. எந்தச் சர்க்கரை முந்தும் என்பது உயிரியைப் பொறுத்தது. அதைப் பெயரில் பூட்டக் கூடாது. ‘இருகட்ட வளர்ச்சி’ போதும். இடையில் வருவதைத் ‘தயக்கம்’ என்றும் எழுதாதீர்கள். செல் அப்போது தயங்கவில்லை, புது நொதியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ச்சிதான் சுணங்குகிறது. ‘இடைச்சுணக்கம்’ என்று போடலாம்.

—

‘இடைச்சுணக்கம்’ அருமை, எடுத்துக்கொண்டேன். பைஃபிடோ செய்தியை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். தனிமடலில் எழுதியவர்களில் நால்வர் ‘இருகட்ட வளர்ச்சி’, இருவர் ‘ஈராக்கம்’. நேரமில்லை, பெரும்பான்மைப்படி அனுப்பிவிடுகிறேன்.

—

அனுப்புங்கள் அம்மா. ஆனால் அந்த வரைகோட்டை மாணவர் வரைவது கட்டம்போட்ட தாளில். ‘இரண்டு கட்டம்’ என்றதும் தாளில் இரண்டு சதுரத்தை எண்ணுவார்கள். ‘இருநிலை’ என்றாவது மாற்றுங்கள். இரண்டாம் பதிப்பிலும் இதையே கேட்பேன்.