சை-ஹப்பில் கட்டுரை எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முனிர்கா மாடி அறை:
காசு கட்டிப் படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாக இறக்கித் தரும் அந்தத் தளத்தைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முடக்கச் சொல்வதற்கு முன்னால் நடந்தது இது. பிஎச்.டி. முடிந்ததும் என் நிறுவன மெயிலை மூடிவிட்டார்கள். மறுநாள் காலை நேர்காணல், என் கட்டுரையின் பிரிண்ட் வேண்டும். பதிப்பகத் தளம் முப்பது டாலருக்கு மேல் கேட்டது. எழுதியதே நான்! சை-ஹப்பில் பத்து விநாடி. கீழே ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, பின் அடித்துக் கொண்டுபோனேன்.

நேர்காணலில் ஒருவர் தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தார். இன்ன தேதியில், இன்ன அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாக இறக்கப்பட்டது என்று. "நீங்க அங்க எப்போ இருந்தீங்க?" என்றார். "ஃபிரெண்ட் அனுப்பினான் சார்." தளத்தில் எடுத்ததற்காக எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அந்த இல்லாத ஃபிரெண்டைத்தான் மறக்க முடியவில்லை.

ஓய்வு பெற்ற நூலகர்:
தம்பி, அந்தப் பொடி எழுத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பாஸ்வேர்டு இருக்கிறது. நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு பையன் தன்னுடையதை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஒரே ராத்திரியில் கட்டுக்கட்டாக இறக்கியிருக்கிறார்கள். விடிந்ததும் பதிப்பகத்திலிருந்து மெயில், மொத்தக் கல்லூரிக்கும் இணைப்பு கட். நான்கு நாள். ஆய்வேடு கொடுக்க மூன்றே நாள் பாக்கியிருந்த திருநெல்வேலிப் பெண் ஒருத்தி கவுன்ட்டரில் வந்து நின்றாள். "நான் ஒண்ணுமே பண்ணலையே மேடம்." அவள் பின்னால் வரிசை. நான் குனிந்து, சின்னக் குரலில், "அந்தத் தளத்துலயே எடுத்துக்கோம்மா" என்றேன். இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு.

மயூர் விஹார் மணி:
நானும் ஒருமுறை எடுத்தேன், மண்புழு பற்றி. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் இருவருமே தேவையில்லாமல் கஷ்டப்பட்டிருக்கிறீர்கள். முதலில் பிரவுசரில் அன்பேவால் (Unpaywall) என்ற நீட்சியைப் போடுங்கள் (பெயர் காதல் கடிதம் மாதிரி இருக்கிறது, ஆனால் வேலை செய்யும்). சட்டப்படி இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். இயற்பியல், கணிதம் என்றால் 1991 முதல் ஆர்க்சைவ் (arXiv) என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம் இருக்கிறது. அதிலும் இல்லையா, தொடர்புக்குரிய ஆசிரியருக்கு, அதாவது கட்டுரையில் மெயில் முகவரி கொடுத்திருப்பவருக்கு, இரண்டு வரி மெயில் போடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். போதாததற்கு, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வேறு 2025-இல் வந்துவிட்டது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். இனித் திருட வேண்டிய அவசியமே இல்லை.

டி-ஸ்கூல் பழைய மாணவன்:
மணி சார், அந்தச் சந்தா அரசு நிறுவனங்களுக்கு. முனிர்கா தம்பி மாதிரி எந்த நிறுவனத்திலும் இல்லாதவர் எங்கே போவார்? 'திருட' என்பதும் ஜாஸ்தி. எழுதியவருக்குப் பதிப்பகம் காசு தருவதில்லை, மதிப்பீடு செய்பவருக்கும் பெரும்பாலும் இல்லை. அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் என்ற பெண் 2011-இல் கஜகஸ்தானில் சை-ஹப்பை ஆரம்பித்ததும் இந்த வயிற்றெரிச்சலில்தான். எங்கள் தில்லிப் பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடைமேல் 2012-இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டபோது நான் அங்கே மாணவன். ஸ்பைரல் போட்ட பாடத்தொகுப்புக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். 2016-இல் தீர்ப்பு என்ன ஆயிற்று? பாடத்துக்காக நகலெடுக்கலாம் என்றார்கள்.

ஓய்வு பெற்ற நூலகர்:
அது வகுப்புக்கான நகல். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

முனிர்கா மாடி அறை:
மணி அண்ணா, தொடர்புக்குரிய ஆசிரியர் நான்தான். கட்டுரையில் போட்டிருப்பது அந்த மூடிய மெயில்.