டொமைன் பதிவில் வீட்டு முகவரியை மறைக்கலாமா, கூடாதா?

நாகலூர் மிளகு:
ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன். 2016ல் அதற்கு ஒரு டாட் காம் டொமைன், அதாவது இணையதளப் பெயர், வாங்கியபோது, தபால் எல்லாம் அங்கேதான் வரும் என்பதால் சேலம் அம்மாபேட்டையில் இருக்கிற அம்மா வீட்டு முகவரியையும் என் செல் நம்பரையும் கொடுத்தேன். அது யார் தேடினாலும் கிடைக்கும்படி போய் உட்காரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்தே வெப்சைட் செய்து தருகிறோம், லோகோ செய்து தருகிறோம் என்று போன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். 2017 மே மாதம் கோடை விழாக் கூட்டத்தில் குடித்துவிட்டுத் தகராறு செய்த நான்கு பேரை அறையைக் காலி செய்ய வைத்தேன். அதில் ஒருவன் நாலு நாள் கழித்து அம்மா வீட்டு வாசலில் வந்து நின்று "உங்க பொண்ணை வரச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டிருக்கிறான். முகவரி எப்படிக் கிடைத்தது என்று அக்கம்பக்கத்தவர் கேட்டதற்கு, டொமைன் பெயரைப் போட்டுத் தேடினேன் என்று சொன்னானாம். அம்மாவுக்கு அப்போது 67 வயது, வீட்டில் தனியாக இருந்தார்.

இப்போது காபித்தூளும் மிளகும் விற்க இன்னொரு டொமைன் வாங்கப் போகிறேன். இந்த முறை மறைத்துத்தான் வாங்குவேன். ஆனால் தெரிந்த வியாபாரிகள் இரண்டு பேர், மறைந்துகொண்டு விற்கிறவரை எப்படி நம்புவது என்கிறார்கள். தோழி ஒருத்தி, ஏதாவது பொய் முகவரி கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்கிறாள். உங்கள் கருத்து என்ன?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
உங்கள் அம்மா வீட்டு வாசலில் ஒருவன் வந்து நின்றது அநியாயம், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனாலும் அந்த வியாபாரிகள் கேட்டது சரியான கேள்விதான். போன வருடம் எங்கள் கடைக் கொலுசுப் படங்களை அப்படியே எடுத்து ஒருவன் சைட் போட்டான். கல்யாண ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்கினான். பணம் கட்டியவர்கள் படத்தில் எங்கள் டப்பாவைப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு வந்து கொலுசைக் கேட்டார்கள். டொமைன் யார் பெயரில் என்று தேடினால் பெயர் மறைக்கப்பட்டது, முகவரி மறைக்கப்பட்டது, போன் மறைக்கப்பட்டது. பணம் போனவர்களை சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிடச் சொல்லி அனுப்பினேன், வேறென்ன செய்ய முடியும்? எங்கள் தாத்தா காலத்திலிருந்து பலகையில் பெயர் எழுதி வியாபாரம் செய்கிறோம். கடை போடுகிறவன் முகத்தைக் காட்ட வேண்டும்.

ஐந்து ரோடு சர்வர்:
பதினைந்து வருடமாக டொமைனும் ஹோஸ்டிங்கும்தான் என் பிழைப்பு. முதலில் தோழி சொன்ன யோசனைக்கு வருகிறேன்: தயவுசெய்து பொய் முகவரி கொடுக்காதீர்கள். மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. டாட் காம் போன்றவற்றுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் ஒப்பந்தப்படி, தெரிந்தே தவறான விவரம் கொடுத்தாலோ, விவரம் சரியா என்று டொமைனை விற்ற பதிவு நிறுவனம் கேட்டு 15 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ டொமைனை முடக்கலாம், ரத்தும் செய்யலாம். நாளைக்கு யாராவது டொமைனைத் திருடினால் இது என்னுடையது என்று நிரூபிக்க உங்களிடம் இருப்பதும் அந்த விவரம்தான்.

அப்புறம், 2016 நிலைமை இப்போது இல்லை. ஹூயிஸ் என்கிற இந்தத் தேடல் 1982லேயே வந்தது. அன்று வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர், கணினி பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும், அதற்காகப் போட்ட டெலிபோன் டைரக்டரி மாதிரிதான் அது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டம் 2018 மே 25 அன்று அமலுக்கு வந்ததும் தனிநபர் பெயர், முகவரி எல்லாம் பெரும்பாலும் தானாகவே மறைக்கப்பட்டுவிட்டன. 2025 ஜனவரி முதல் டாட் காம் போன்றவற்றில் ஹூயிஸுக்குப் பதில் ஆர்டாப் என்ற புது முறைதான் அதிகாரபூர்வம். டாட் இன் வாங்கினால், அதை நடத்தும் நிக்சி அமைப்பு, உரிமையாளர் விவரத்தை மறைத்துக் கொடுக்கும் பிரைவசி சேவையை அனுமதிப்பதில்லை, ஆனால் பொதுத் தேடலில் உங்கள் பெயரும் தெருவும் வராது, மாநிலமும் நாடும் தெரியும், அவ்வளவுதான்.

கொலுசு அண்ணா, உங்கள் திருடன் 2018க்கு முன்னால் வந்திருந்தாலும் சொந்த முகவரியைக் கொடுத்திருக்க மாட்டான். திறந்து கிடந்த காலத்திலேயே அந்தப் பதிவுகளில் பொய்ப் பெயர் கொட்டிக் கிடந்தது. உண்மையைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் இந்த அக்கா மாதிரி ஆட்கள்தான்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
தம்பி, பொய்ப் பெயராக இருந்தாலும் ஒரு போன் நம்பர், ஒரு மெயில் கிடைக்கும். அதே மெயிலில் இன்னும் எத்தனை போலி சைட் வைத்திருக்கிறான் என்று கண்டுபிடித்து எச்சரிக்கிறவர்கள் இருந்தார்கள். இப்போது அந்த நூலும் அறுந்துவிட்டது. பதிவு நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். இது சைட்டில் இருக்கும் சரக்கு பற்றிய தகராறு, நீதிமன்றம் போங்கள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஐந்து ரோடு சர்வர்:
மெயில் நூல் பிடித்துத் தேடுவது போய்விட்டது என்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். பாதுகாப்பு வேலை செய்கிறவர்கள் இன்றும் அதற்காக வருத்தப்படுகிறார்கள். 2024 ஏப்ரலில் ஐகேன் ஒப்பந்தம் திருத்தப்பட்டு, பிஷிங் (போலி சைட்டில் பாஸ்வேர்டு பறிப்பது), மால்வேர் (கெடுதல் மென்பொருள்) மாதிரி புகார்களில் பதிவு நிறுவனம் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தது. உங்களுடையதைப் படத் திருட்டு என்று பார்த்திருப்பார்கள், அதனால் தட்டிக்கழித்திருப்பார்கள். இதற்குக் கதவு டொமைன் அல்ல, அந்த சைட்டைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம். படம் என்னுடையது என்று அந்த நிறுவனத்துக்குப் பதிப்புரிமை நோட்டீஸ் அனுப்பினால் பெரும்பாலும் இறக்கிவிடுவார்கள். டொமைன் பெயரிலேயே உங்கள் டிரேட்மார்க் இருந்தால் டொமைன் பெயர்த் தகராறுகளுக்கான யுடிஆர்பி வழக்கு போடலாம், அதில் மறைந்திருப்பவர் விவரத்தைப் பதிவு நிறுவனம் கொடுத்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
அந்த வழக்கையும் விசாரித்துவிட்டேன். ஜெனிவாவில் உள்ள வைப்போவில் (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரு நடுவர் போதும் என்றாலே கட்டணம் 1,500 டாலர். பட்டறைக் கூலி கொடுத்துவிட்டு மிஞ்சுவதில் அதை நான் எப்போது கட்டுவது? ஹோஸ்டிங் நோட்டீஸ் தெரியாமல் போயிற்று, அதைச் செய்கிறேன்.

அம்மாபேட்டை தறி:
மறைப்பில் யாரும் பேசாத ஒரு ஆபத்து இருக்கிறது. எங்கள் ஜவுளி சைட்டை 2019ல் வெப் டிசைனர் ஒருவர் செய்து கொடுத்தார். டொமைனை அவர் பெயரிலேயே வாங்கி, பிரைவசியும் போட்டுவிட்டார். வருடா வருடம் பணம் கட்டியது நாங்கள். கூலித் தகராறு வந்தபோதுதான் டொமைன் எங்களுடையதே இல்லை என்று தெரிந்தது. விவரம் திறந்து கிடந்திருந்தால் முதல் வாரமே பார்த்திருப்போம். ஐந்து வருடமாக ஆர்டர் வந்துகொண்டிருந்த பெயர் கையை விட்டுப் போனது. மறைப்பு எங்களைப் பாதுகாக்கவில்லை, எங்களிடமிருந்து மறைத்தது.

ஐந்து ரோடு சர்வர்:
இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிராக்சி வகைச் சேவையில் பதிவேட்டில் உரிமையாளராக நிற்பது அந்தச் சேவை நிறுவனம்தான், நீங்கள் அதற்குப் பின்னால் இருக்கிறீர்கள். 2007ல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்கப் பதிவு நிறுவனம் சரிந்து ஐகேன் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, இப்படி மறைத்து வைத்திருந்தவர்களுக்குத் டொமைன் தங்களுடையது என்று நிரூபிப்பது கூடுதல் பாடாகிவிட்டது. ஆகவே கணக்கு உங்கள் மெயிலில், பாஸ்வேர்டு உங்கள் கையில், ரசீது உங்கள் பெயரில். டிசைனருக்கு வேலை கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பதிவுப் படிவத்தில் நிறுவனம் என்ற கட்டத்தில் எதையாவது நிரப்பினால் அந்தப் பெயர்தான் உரிமையாளராகக் கருதப்படும், வெளியே தெரியவும் வாய்ப்பு உண்டு.

நாகலூர் மிளகு:
எல்லோருக்கும் நன்றி. கொலுசு அண்ணா, கடை போடுகிறவன் முகத்தைக் காட்ட வேண்டும் என்கிறீர்கள், நானும் அதையேதான் சொல்கிறேன். 2020ல் வந்த நுகர்வோர் மின்வணிக விதிகள், விற்கிற சைட்டில் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்க்கும் அலுவலர் எல்லாம் போடச் சொல்கின்றன. அதையெல்லாம் போடுகிறேன், உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணோடு. ஆனால் அது ஏற்காடு முகவரி. அங்கே ஆள் இருக்கிறார்கள், கேட் இருக்கிறது, நாயும் இருக்கிறது. காபித்தூள் வாங்குகிறவருக்கு அது போதும். என் அம்மா தூங்கும் வீடு எது என்று அவருக்கு எதற்கு?

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
நீங்கள் போடுவீர்கள் அம்மா, அதில் சந்தேகமில்லை. போடாதவனை யார் கேட்பது என்பதுதான் என் கேள்வி, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. வீட்டு முகவரியை மறைக்கிற விஷயத்தில் உங்களோடு இனி சண்டை இல்லை. பணம் வாங்கி விற்கிற சைட் என்றால் பெயராவது பதிவேட்டில் தெரிய வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

நாகலூர் மிளகு:
பெயர் மட்டும் என்றால் யோசிக்கலாம் அண்ணா, முகவரி என்றால் முடியாது.

நேற்று டொமைன் வாங்கிவிட்டேன். உண்மையான விவரம்தான் கொடுத்தேன், மெயில் சரிபார்ப்பு லிங்க் வந்தது, அமுக்கிவிட்டேன். தேடிப் பார்த்தேன், மறைந்திருக்கிறது. ஆனால் பழைய டொமைனைத் தேடினால், 2016 பதிவைச் சேமித்து வைத்துக் காசுக்குக் காட்டுகிற ஒரு சைட்டில் அம்மா வீட்டுக் கதவு எண் அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். சர்வர் தம்பி, மூன்றாவது முறை என்ன எழுதினால் எடுப்பார்கள் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.