இலவச மாதிரி பாக்கெட்டுகளைப் பூசியபின் வாயோரம் எரிச்சல், இமையில் அரிப்பு: எது காரணம் என்று எப்படிக் கண்டறிவது?

வைகைக்கரை (செவ்வாய், இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். தங்கையின் திருமணத்துக்கு இன்னும் 24 நாள்களே இருக்கும் நிலையில், என் முகத்தை நானே கெடுத்துக்கொண்டேனோ என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன். இணையத்தில் பொருள் வாங்கும்போது இலவசமாக வைத்து அனுப்பிய பாக்கெட்டுகளையும், பொருட்காட்சி அரங்கில் கையில் திணித்தவற்றையும் ஓராண்டாக அலமாரி மேலே ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன், மொத்தம் 11. திருமணத்துக்கு எதை வாங்கலாம் என்று முடிவு செய்வதற்காக, சென்ற வியாழன் முதல் ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்தேன்.

வியாழன் இரவு, தோலைப் புதுப்பிக்கும் என்று எழுதியிருந்த 10 சதவீத கிளைகாலிக் அமில சீரம். வெள்ளி இரவு, ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை கலந்த கிரீம். சனி காலை, வைட்டமின் சி சீரம். பாக்கெட்டைக் கிழித்தபோது அது டிகாஷன் நிறத்தில் இருந்தது, அப்படித்தான் இருக்கும் போலும் என்று பூசிவிட்டேன். அன்று மதியம், நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க ஃபவுண்டேஷன். ஞாயிறு காலை பச்சைத் தண்ணீரில் முகம் கழுவியபோதே மூக்கின் இரு பக்கமும் வாயோரங்களும் மிளகாய்த் தூள் பட்டதுபோல் எரிந்தன. இப்போது அங்கே சிவந்து, மெல்லிய செதில்களாக உரிகிறது. இது போதாதென்று நேற்று மாலை முதல் இரு கண்களின் மேல் இமையும் அரிக்கின்றன. இன்று காலை எழுந்தபோது வீங்கியிருந்தன. கண்ணருகே நான் எந்தக் கிரீமையும் கொண்டுபோகவில்லை.

ஃபவுண்டேஷன்தான் காரணம் என்பது என் சந்தேகம். அம்மாவோ, அண்ணனுக்குத் தோலில் வந்த படைக்கு வாங்கிய ஆயின்ட்மென்ட் பாதி மீதமிருக்கிறது, அதைத் தடவினால் ஒரே இரவில் அடங்கிவிடும் என்கிறார். தடவலாமா?

ஒப்பனை மேசை (செவ்வாய், இரவு 10.15)

தடவ வேண்டாம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதை மருந்துக்கடையில் இருப்பவர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். 19 ஆண்டுகள் அழகு நிலையம் நடத்தியவள் நான். திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதிய பொருள்களைப் பூசிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்த மணப்பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்; நீங்கள் மணப்பெண்ணின் அக்கா என்பது ஓர் ஆறுதல்.

இன்று இரவு முதல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மூன்று நாள்களில் நான்கு பொருள் என்பதால், எது செய்த வேலை என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் இன்னும் கொஞ்சம் புளியையும் காரத்தையும் போட்டு ருசி பார்ப்பவர் போலத்தான் நாம் பெரும்பாலும் நடந்துகொள்கிறோம். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் முழுவதும் காயும் முன்னரே மணமில்லாத பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகப் பூசுங்கள். எரிச்சல் மிகுந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். கற்றாழை, எலுமிச்சை, மஞ்சள் என்று சமையலறையிலிருந்தும் எதையும் முகத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

திருச்சி மருந்தாளுநர் (புதன், காலை 7.05)

ஆயின்ட்மென்ட் பற்றி. படைக்கு என்று நம் ஊரில் வாங்கும் பல குழாய்களில் பூஞ்சை மருந்தோடு க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் என்ற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பூசினால் சிவப்பு ஒரே இரவில் அடங்குவது உண்மைதான். அதனால்தான் வீட்டுக்கு வீடு அது நல்ல மருந்தாகப் பெயர் எடுத்திருக்கிறது. ஆனால் முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். நிறுத்தியதும் முன்னைவிட அதிகமாகச் சிவந்து, பருக்களாக வெடிக்கும். இமையில் பல வாரம் பூசினால் கண் அழுத்தம்கூட உயரக்கூடும். மருத்துவரின் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2018-இல் விதியை இறுக்கினார்கள். அப்படியும் கேட்பவர்கள் குறையவில்லை என்பதைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் எனக்கு நன்றாகவே தெரியும்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருகிறேன். வாயோரத்தில் உங்களுக்கு இருப்பது எரிச்சலா, அரிப்பா? இமையில் இருப்பது எரிச்சலா, அரிப்பா? இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். மேலும், அந்த டப்பாவிலிருந்து முகத்துக்கு அல்லாமல் வேறு எதையாவது எடுத்தீர்களா? தலைச்சாயம், வாசனைத் திரவியம், நகத்துக்கானது என எதுவாயினும் மறைக்காமல் எழுதுங்கள்.

வைகைக்கரை (புதன், காலை 8.30)

விரைவாகப் பதில் எழுதிய இருவருக்கும் நன்றி. ஆயின்ட்மென்ட் அம்மாவின் கைக்கு எட்டாத பரணுக்குப் போய்விட்டது.

கேட்ட பிறகுதான் கவனித்தேன். வாயோரத்தில் அரிப்பே இல்லை. எரிகிறது, தோல் இழுத்துப் பிடிக்கிறது. வைட்டமின் சி பூசிய இரண்டாவது நிமிடமே அது தொடங்கிவிட்டது. இமைகளில் எரிச்சல் இல்லை. தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற அரிப்பு. டப்பாவில் சிறிய நெயில் பாலிஷ் புட்டி ஒன்றும் இருந்தது. புடவைக்குப் பொருந்தும் அரக்கு நிறம் என்பதால் சனிக்கிழமை இரவு பத்து விரல்களிலும் பூசினேன். விரல்களில் ஒரு தொந்தரவும் இல்லை என்பதால் அதை எழுதவில்லை. நகத்துக்கும் இமைக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்?

திருச்சி மருந்தாளுநர் (புதன், காலை 9.20)

நேரடித் தொடர்பே உண்டு. நகப்பூச்சு ஒவ்வாமை விரலில் தெரியாமல் இமையிலும் கழுத்திலும் தெரிவது தோல் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. விரல் நுனித் தோல் தடித்தது. இமைத் தோலோ உடலிலேயே மிக மெல்லியவற்றுள் ஒன்று. ஒரு நாளைக்கு எத்தனை முறை கண்ணைக் கசக்குகிறோம், நெற்றி முடியை ஒதுக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் நகம் இமையைத் தொட்டுச் செல்கிறது. சாதாரண நகப்பூச்சில் பளபளப்புக்காகச் சேர்க்கப்படும் டோசிலமைடு ஃபார்மால்டிஹைடு ரெசின் இதற்குப் பெயர்பெற்றது. விளக்கொளியில் இறுக்கும் ஜெல் பூச்சாக இருந்தால் அக்ரிலேட்டுகள்.

காலக்கணக்கும் பொருந்துகிறது. ஒவ்வாமை பூசிய உடனே வெளிப்படாது. ஏற்கெனவே அந்தப் பொருளுக்குப் பகையாகிவிட்ட உடலில் ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் அரிப்பாகக் கிளம்பும். சனி இரவு பூசினீர்கள், திங்கள் மாலை அரித்தது. முன்பும் நெயில் பாலிஷ் போட்டிருக்கிறேன், அப்போது ஒன்றும் செய்யவில்லையே என்பீர்கள். பல முறை பட்டுப் பழகிய பொருளைத்தான் உடல் ஒருநாள் பகையாகக் கருதத் தொடங்கும்.

வாயோரத்தில் இருப்பது ஒவ்வாமையாகத் தோன்றவில்லை; உறுத்தல்தான். வியாழனன்று அமிலம் மேல்தோலைத் தளர்த்தியது, வெள்ளியன்று ரெட்டினால் அதை மேலும் உரித்தது, அந்தப் புண்பட்ட தோலின்மேல் புளிப்பேறிய வைட்டமின் சியை ஊற்றியிருக்கிறீர்கள். தனித்தனியே, வாரத்துக்கு இரண்டு இரவு என்று பூசியிருந்தால் மூன்றையும் உங்கள் தோல் தாங்கியிருக்கக்கூடும். அது டிகாஷன் நிறத்தில் இருந்ததற்குக் காரணம், காற்றும் வெப்பமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போனதே; நல்ல நிலையில் அது நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். உங்கள் ஃபவுண்டேஷன் நிரபராதி என்றே நினைக்கிறேன், ஆனால் தீர்ப்பை இப்போதே எழுத வேண்டாம்.

நகப்பூச்சை இன்றே அகற்றுங்கள். அகற்றும் திரவமான அசிட்டோனின் ஆவி கண்ணில் படாதபடி சன்னலருகே அமர்ந்து, முழுவதும் நீக்கிய பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஒரு விரலில்கூட மிச்சம் வைக்காதீர்கள். வீக்கம் கூடினாலோ, நீர் வடிந்தாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

பழைய வாசகன் (புதன், மாலை 6.50)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இலவசம் என்றாலே ஓராண்டு கிடந்து காலாவதியான சரக்குதான் என்பது என் கருத்து. அந்த டப்பாவை அப்படியே குப்பையில் போடுவதே அறிவு.

ஒப்பனை மேசை (புதன், இரவு 8.10)

ஐயா சொல்வதில் பாதிதான் சரி. கெட்டுப்போனது சரக்கின் குற்றம் மட்டுமல்ல. மதுரை வெயிலில் அலமாரி மேலே டப்பாவை வைத்து ஓராண்டு காத்தவரின் பங்கும் அதில் உண்டு. 1,500 ரூபாய்க்குப் புட்டியை வாங்கிப் பூசி, அதன் பிறகு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பதைவிட ஒரு பாக்கெட்டில் கண்டுபிடிப்பது மேலல்லவா? ஆனால் பாக்கெட்டிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு மி.லி. சீரத்தில் ஏறத்தாழ 20 துளிகள் இருக்கும். தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே நான்கு வாரம் ஆகும் என்பதால், 20 துளியில் கரும்புள்ளி மறையுமா என்று பார்ப்பது வீண். மாதிரி பாக்கெட் பயனைச் சொல்லாது. பகையை மட்டும் சொல்லும்.

அதற்கு முகம் தேவையே இல்லை. முழங்கையின் உட்புறத்தில் இரண்டு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், காலை ஒரு துளி, இரவு ஒரு துளி என்று ஏழு நாள்கள் பூசுங்கள். 14 துளிகள் போதும். அதே இடம், அதே பொருள். அந்த வாரம் வேறு புதிய பொருள் எதுவும் உடலில் படக் கூடாது. திறந்த பாக்கெட்டின் வாயை மடித்துக் கிளிப் போட்டு, பிரிட்ஜின் கதவில் வையுங்கள். விரலை உள்ளே விடாமல் பிதுக்கி எடுங்கள். ஏழு நாள் கழித்தும் கை அமைதியாக இருந்தால், மீதியைத் தாடையோரத்தில் பூசிப் பாருங்கள். ஃபேஸ் வாஷ் போன்று கழுவிவிட வேண்டியவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றைக் கையில் ஊறவிட்டால் நல்ல பொருளும் உறுத்தும்.

திருச்சி மருந்தாளுநர் (புதன், இரவு 8.45)

அக்கா சொன்ன முறையை அப்படியே ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மீதமுள்ள பாக்கெட்டுகளின் பின்புறத்தை வெளிச்சத்தில் படியுங்கள். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தொகுப்பு எண்ணும், எப்போதுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதியும் இருக்க வேண்டும். சிறிய பொதிகளில் பொருட்பட்டியல் இல்லாமல் இருக்கலாம்; அதே பொருளின் பெரிய பெட்டியில் அது அச்சாகியிருக்கும். தேதியும் முகவரியும் இல்லாத எதையும், குறிப்பாக ஏழே நாளில் வெளுப்பாக்கும் என்ற பாக்கெட்டுகளை, கையில்கூடப் பூசிப் பார்க்க வேண்டாம். அத்தகையவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் பிடிபட்டிருக்கின்றன.

வாயோரம் ஆறும்வரை வெயிலில் போகாமல் இருப்பது நல்லது. போக நேர்ந்தால் குடையோடு செல்லுங்கள். நம் மாநிறத் தோலில் எரிச்சல் அடங்கிய பின்னும் அது இருந்த இடம் கருத்து, அந்தக் கருமை மாதக்கணக்கில் நீடிக்கக்கூடும். உரிவது நின்றதும் துத்தநாக ஆக்சைடு கலந்த, மணமில்லாத சன்ஸ்கிரீனைப் பூசலாம்.

வைகைக்கரை (11 நாள்களுக்குப் பிறகு, ஞாயிறு, காலை 11.00)

தாமதத்துக்கு மன்னியுங்கள். நகப்பூச்சை நீக்கிய மூன்றாம் நாள் அரிப்பு குறையத் தொடங்கியது. ஒன்பதாம் நாள் இமைகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன. இடையில் தோல் மருத்துவரையும் பார்த்தேன். நகங்களைப் பற்றி நான் சொல்லும் முன்னரே அவர் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். திருமணம் முடிந்த பிறகு முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்து, எந்தப் பொருள் என்பதை உறுதிப்படுத்தலாம் என்றார். ஒட்டுகளை இரண்டு நாள்கள் நனையாமல் வைத்திருந்து, எடுத்தவுடன் ஒரு முறையும், பின் ஓரிரு நாள் கழித்து மீண்டும் ஒரு முறையும் பார்ப்பார்களாம். வாயோரம் ஆறிவிட்டது, இடப்புறம் மட்டும் லேசான கருமை தெரிகிறது.

டப்பாவில் இருந்தவற்றில் முகவரியே இல்லாத இரண்டையும், தேதி கடந்த மூன்றையும் எறிந்துவிட்டேன். ஃபவுண்டேஷனை முழங்கையில் ஏழு நாள்கள் சோதித்தேன், ஒன்றும் செய்யவில்லை. இனி நிறத்தைத்தான் முடிவு செய்ய வேண்டும். குளியலறை விளக்கில் சரியாக இருப்பது மாடியில் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். நகப்பூச்சு இல்லாத கைக்கு, இலவசமாகக் கிடைத்த மெஹந்தி கோன் ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கறுப்பாகச் சிவக்கும் என்று போட்டிருக்கிறது. அதை இடலாமா?

ஒப்பனை மேசை (ஞாயிறு, பகல் 12.20)

குளியலறை விளக்கை நம்பாதீர்கள். காலை எட்டு மணி வாக்கில், சன்னலோரம் நின்று, தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே மூன்று நிறங்களைக் கோடுகளாக இழுத்து, கால் மணி நேரம் காத்திருங்கள். எண்ணெயோடும் காற்றோடும் கலந்து நிறம் சற்றே கருக்கும். அதன் பிறகு எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுவே உங்கள் நிறம். கையின் மேற்புறத்தில் பார்ப்பது பயனில்லை, கையின் நிறமும் முகத்தின் நிறமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

திருச்சி மருந்தாளுநர் (ஞாயிறு, பகல் 1.05)

அந்தக் கோனை இட வேண்டாம். மருதாணி இலை ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் கறுப்பது தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் கலந்திருந்தால்தான். அதனால் கை கொப்பளித்தவர்கள் உண்டு. ஒரு முறை அதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிற்காலத்தில் தலைக்குச் சாயமும் பூச முடியாமல் போகும். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ மருதாணிச் செடி இருந்தால் இலையைப் பறித்து அரைத்து, திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னர் இரவு முழுவதும் வைத்திருங்கள். எடுத்த அன்று ஆரஞ்சாக இருப்பது திருமணத்தன்று அரக்கு நிறத்துக்கு வந்துவிடும்.

வைகைக்கரை (ஞாயிறு, பகல் 1.30)

பக்கத்து வீட்டில் செடி இருக்கிறது. கோன் குப்பைக்குப் போகிறது.