கறுப்புக் காரில் வட்ட வட்டமாக நுண்கீறல்கள்: கோட்டிங் போட்டால் தீருமா?

கருங்குதிரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு வாங்கிய என் கறுப்பு நிறக் காரை இரவில் நிறுத்துமிடத்து விளக்கின் அடியில் பார்த்தால், பானட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் வட்டமாகத் தெரிகின்றன. நிழலில் நிறுத்தினால் ஒன்றும் தெரிவதில்லை; உச்சி வெயிலில் கதவுகளிலும் டிக்கியிலும் அதே கோலம். நகத்தால் தடவிப் பார்த்தால் எங்கும் தட்டுப்படவில்லை.

வண்டி எதிலும் உரசியதில்லை. இயந்திரத் தூரிகை சுழலும் வாட்டர் வாஷ் நிலையங்களுக்கும் நான் கொண்டுபோனதில்லை. குடியிருப்பில் மாதச் சம்பளத்துக்கு வரும் பெரியவர் ஒருவர் தினமும் காலையில் துடைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில், வீட்டு ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் நீரைச் சேர்த்து வைத்து நானே கழுவுகிறேன். ஷோரூமில் விசாரித்தபோது, செராமிக் கோட்டிங் (பெயின்ட்டின்மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) போட்டால் இந்தக் கோடுகள் மறைந்துவிடும் என்றும், அதன் கடினத்தன்மை 9எச் என்பதால் இனிமேல் கீறலே விழாது என்றும் உறுதியாகச் சொன்னார்கள். கேட்கும் தொகை பெரிது. போடலாமா, வேண்டாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பட்டறைப்பிள்ளை (மறுமொழி)

வணக்கம் ஐயா. பெயின்ட் வேலையிலும் பாலிஷ் வேலையிலும் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். கோட்டிங்கைப் பற்றி முடிவெடுக்கும் முன், இந்தக் கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே அதற்கான விடை இருக்கிறது.

நீங்கள் பார்க்கும் பளபளப்பு கறுப்பு பெயின்ட்டினுடையது மட்டுமன்று. அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது ஏறத்தாழ 40, 50 மைக்ரான் தடிமன்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. கோடுகள் அந்தப் படலத்தில்தான் விழுந்திருக்கின்றன. உண்மையில் அவை வட்டமாகவும் இல்லை. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான கீறல்களில், விளக்கின் ஒளியை உங்கள் கண்ணுக்குத் திருப்பிவிடும் கோணத்தில் இருப்பவை மட்டும் ஒளிர்வதால், விளக்கைச் சுற்றி வட்டமிட்டதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. நீங்கள் நகர்ந்தால் அந்த வட்டமும் கூடவே நகர்வதைப் பாருங்கள். வெள்ளை, வெள்ளி நிறக் கார்களிலும் இதே கீறல்கள் உண்டு. அங்கே கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான்.

சாலைப் புழுதியில் பெரும்பங்கு மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினத்தன்மை, வைரத்துக்கு 10 என்று வைத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 7; எந்தக் கிளியர் கோட்டும் அதற்கு ஈடுகொடுக்காது. புழுதி சும்மா படிந்து கிடக்கும்வரை பெயின்ட்டுக்குக் கேடு குறைவு. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. காலையில் வரும் பெரியவர் ஒரே வாளித் தண்ணீரிலும் ஒரே துணியிலும் வரிசையாக எத்தனை கார்களைத் துடைக்கிறார் என்று ஒருநாள் நின்று கவனியுங்கள். அவரைக் குறை சொல்வதற்காக இதைக் கூறவில்லை. கொடுக்கிற சம்பளத்துக்கும் நேரத்துக்கும் வேறு விதமாகத் துடைக்க அவருக்கு வழியில்லை. ஆனால் நான்காவது காருக்கு வரும்போது அந்தத் துணியில் முந்தைய மூன்று கார்களின் மணலும் சேர்ந்திருக்கும். வெளியூர் போகும்போது வண்டிமேல் உறை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: புழுதியோடு போட்டால், காற்றில் உறை அசையும்போதெல்லாம் இதே வேலைதான் நடக்கிறது.

ஆர்ஓ கழிவுநீரையும் உடனே நிறுத்துங்கள். வடிகட்டி பிரித்து எடுத்த உப்பெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது. போர் தண்ணீரைவிட அது மோசம். காய்ந்ததும் வெண்புள்ளிகள் படியும், அவற்றைப் போக்க நீங்கள் அழுத்தித் தேய்ப்பீர்கள், தேய்த்த இடத்தில் மறுபடியும் கோடு விழும். வீடு துடைக்க வேண்டுமானால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தெற்குவீதி (மறுமொழி)

பட்டறைப்பிள்ளை அவர்கள் சொன்ன காரணத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோட்டிங் போட்ட வண்டி ஒன்றை வைத்திருப்பவன் என்ற வகையில், அதை அடியோடு ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன். நீர் நிற்காமல் உருண்டு ஓடுகிறது. புழுதி ஒட்டிப் பிடிப்பதில்லை. குழாய்நீரைப் பீய்ச்சினாலே பாதி அழுக்கு போய்விடுவதால் கை வைத்துத் தேய்க்கவேண்டிய தேவை குறைகிறது. மெழுகு போட்டால் நம் ஊர் வெயிலில் சில மாதங்களுக்குமேல் தாங்குவதில்லை, அதோடு ஒப்பிட்டால் கோட்டிங் எவ்வளவோ மேல். நுண்கீறலைத் தடுக்க இது மறைமுகமாகவேனும் உதவும் அல்லவா?

பட்டறைப்பிள்ளை (மறுமொழி)

மறைமுகமாக உதவும் என்பதை முழுமையாக ஏற்கிறேன், ஐயா. ஷோரூமில் சொன்னது வேறு என்பதுதான் என் வருத்தம். 9எச் என்பது பென்சில் கடினத்தன்மைச் சோதனையின் அளவு. அந்த அளவில் உள்ள பென்சிலால் கீற முடியவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள். மோஸ் அளவோடு அதைக் குழப்பிக்கொண்டு, வைரத்துக்கு அடுத்தபடி என்ற தோரணையில் விற்கிறார்கள். பூசி முடித்த கோட்டிங் ஓரிரு மைக்ரான் தடிமன்தான் இருக்கும். மணல் பட்ட துணியால் துடைத்தால் அதிலும் கோடு விழும்.

கோடுகள் மறைந்துவிடும் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கோட்டிங் எந்தக் கீறலையும் போக்குவதில்லை. அதற்குமுன் செய்யும் பாலிஷ்தான் போக்குகிறது. அந்த பாலிஷைச் சரியாகச் செய்யாமல், பள்ளங்களை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மூடிவிட்டு ஒப்படைப்பவர்களும் இருக்கிறார்கள். சில கழுவல்களில் பழைய கோலம் திரும்பிவிடும். ஆகவே கோட்டிங் பூசும் முன், அந்த எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும் நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காட்டச் சொல்லி, வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். அப்போதும் கோடு இல்லை என்றால் வேலை நேர்மையானது. நிழலில் மட்டுமே காட்டுவேன் என்பவரிடம் விட வேண்டாம்.

நகத்தில் தட்டுப்படவில்லை என்று நீங்கள் எழுதியதால், உங்கள் கீறல்கள் பாலிஷில் போகக்கூடியவையே. ஆனால் பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே சில மைக்ரான் அளவுக்குச் சீவி எடுப்பது; எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் பாலிஷ் போடுவது வண்டிக்குச் செய்யும் நன்மை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தடிமன் அளக்கும் கருவி வைத்திருப்பவரையும், சுழற்சியோடு அசைவும் உள்ள டூயல் ஆக்‌ஷன் இயந்திரத்தில் வேலை செய்பவரையும் தேடுங்கள். வெறுமனே சுழலும் ரோட்டரி இயந்திரம் பழகிய கையில் அருமையான கருவி. பழகாத கையில், வெயிலில் அலையலையாக மினுங்கும் புதுக் கோடுகளை அதுவே போட்டுவிடும். முதலில் பானட்டில் ஒரு சிறு பகுதியில் மென்மையான பேட், மென்மையான பாலிஷ் கொண்டு சோதித்து, அது போதாதபோது மட்டும் அடுத்த நிலைக்குப் போகிறவரே நல்ல வேலைக்காரர். பற்பசை, டீசல் போன்ற கைவைத்தியங்கள் பக்கம் போகவே வேண்டாம்.

உண்மையிலேயே கீறலைத் தாங்குவது பிபிஎஃப் எனப்படும் பாலியூரித்தேன் படலம்தான். பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமன் இருப்பதால் அடியை அதுவே வாங்கிக்கொள்கிறது. நல்ல வகைகளில் விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தாமாகவே மறைகின்றன. விலை மிக அதிகம். வண்டி முழுவதும் ஒட்ட முடியாவிட்டால், பானட்டுக்கும் முன் பம்பருக்கும், நகம் படும் கதவுக் கைப்பிடிக் குழிகளுக்கும் மட்டும் ஒட்டலாம்.

கருங்குதிரை

இவ்வளவு விளக்கமாக எழுதியமைக்கு இருவருக்கும் நன்றி. இன்று காலை கீழே போய் நின்று கவனித்தேன். சொன்னது அப்படியே நடக்கிறது. இரண்டு ஐயங்கள். எங்கள் குடியிருப்பில் குழாய் வைத்துக் கார் கழுவச் சங்கம் அனுமதிப்பதில்லை, வாளி மட்டும்தான். மற்றொன்று, பெரியவரை நிறுத்திவிட மனம் வரவில்லை. அவர் வருமானத்தில் கை வைக்காமல் இதைச் சமாளிக்க வழி உண்டா?

நொய்யல்கரை (மறுமொழி)

வணக்கம். கோவையில் எங்கள் குடியிருப்பிலும் இதே நிலைமைதான் இருந்தது. என்னுடையதும் கறுப்பு வண்டி.

குழாய் இல்லாவிட்டால் ரின்ஸ்லெஸ் வாஷ் எனப்படும் திரவத்தை வாங்குங்கள். ஒரு வாளித் தண்ணீரில் புட்டியில் குறிப்பிட்ட அளவு கலந்தால் போதும். பிறகு அலசத் தேவையில்லை. அந்தக் கரைசலைத் தெளிப்பானில் கொஞ்சம் ஊற்றி, துடைக்கப்போகும் பகுதியில் முதலில் தாராளமாகத் தெளித்து ஊறவிட வேண்டும். அதன்பின், வாளியில் ஊறிக்கொண்டிருக்கும் மைக்ரோஃபைபர் துணிகளில் ஒன்றை எடுத்து நான்காக மடித்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்துத் துடைக்க வேண்டும். ஒரு மடிப்பு அழுக்கானதும் அடுத்த மடிப்பு. எல்லா மடிப்பும் தீர்ந்ததும் அடுத்த துணி. அழுக்கான துணி மீண்டும் வாளிக்குள் போகக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கூரையில் தொடங்கி, மணல் அதிகம் உள்ள கீழ்ப்பகுதியைக் கடைசியில் துடைக்கவேண்டும். சக்கரத்துக்கான துணிகளை வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் குழப்பம் வராது. மழைக்காலத்தில் சேறு அப்பிய வண்டிக்கு இந்த முறை சரிப்படாது. அன்றைக்குக் கையால் கழுவும் வாட்டர் வாஷ் நிலையத்தில் நீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்துவிட்டு வருவதே மேல்.

துணிகளின் ஓரத் தையலும் விலைச்சீட்டும்கூடக் கீறும் என்பதால் ஓரம் தைக்காத துணியாகப் பார்த்து வாங்குங்கள். தரையில் விழுந்த துணியை அப்படியே எடுத்துத் துடைக்க வேண்டாம். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

பெரியவரைப் பற்றி: நாங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மாற்றிவிட்டோம். எங்களிடம் வருபவர் தினமும் சக்கரங்களையும் கண்ணாடிகளையும் மட்டும் துடைக்கிறார்; வாரம் ஒருமுறை உட்புறத்தைச் சுத்தம் செய்கிறார். பெயின்ட்டில் கை வைப்பதில்லை. முதலில் தயங்கினார், வண்டி புழுதியோடு நின்றால் வேலை செய்யவில்லை என்று சங்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. சங்கச் செயலாளரிடம் நானே ஒரு வார்த்தை சொல்லி வைத்தபின் அந்தத் தயக்கம் போய்விட்டது. நீங்களும் முதலில் அதைச் செய்துவிடுங்கள். பாலிஷ் செலவு இரண்டு மாதம் பொறுக்கட்டும். புதுத் துடைப்பு முறை பழகிய பிறகு போட்டால்தான் அந்தப் பணம் நிற்கும்.